குளிர் நாட்களில் பன் உப்பவில்லை, கேக் மாவு திரிகிறது: காரணமும் தீர்வும்

புதுக்கை:
எல்லாருக்கும் வணக்கம். குளிர் வந்ததும் அதே செய்முறை, அதே அளவு, ஆனா பன் கல்லு மாதிரி வருது. மைதா 300 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், சர்க்கரை 35, உப்பு 5, முட்டை 1, வெண்ணெய் 40, பால் 170 மில்லி. பிசைஞ்சு ஒரு மணி நேரம் மூடி வெச்சா பாதிதான் உப்புது. பேக் பண்ணினா அடியில ஒரு இறுகின பட்டை. சமையலறை வெப்பநிலை 18, 19 டிகிரி. பால், முட்டை ரெண்டும் ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா எடுத்தது.

இன்னொண்ணு, வெண்ணெய் கேக்குக்கு முட்டை சேர்க்கும்போது மாவு திரிஞ்ச பால் மாதிரி ஆகுது. அதுக்கும் வழி சொல்லுங்க. சாயங்காலம் ஓவன்ல வெச்சுட்டா வீடே சூடாகிற மாதிரி, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடற மாதிரி வேற என்ன செய்யலாம்னும் சொன்னா நல்லா இருக்கும்.

தராசு:
உங்கள் அளவுகளில் தவறு இல்லை. ஈஸ்டும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். மாவின் வெப்பநிலைதான் குறைவு. ஃப்ரிட்ஜ் பால் 4 டிகிரி, முட்டை 4 டிகிரி, மைதா 19 டிகிரி. பிசைந்து முடித்தபோது மாவு 15, 16 டிகிரியைத் தாண்டியிருக்காது. பன் மாவுக்கு வேண்டியது 26 டிகிரி. ஏறத்தாழ 8 டிகிரி குறைந்தால் புளிக்கும் நேரம் இரண்டு மடங்காகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் ஒரு மணி நேரத்தில் உப்பிய மாவுக்கு இப்போது இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் தேவை. நீங்கள் பாதியிலேயே எடுத்து உருட்டிவிட்டீர்கள். அடியில் தெரியும் இறுகிய பட்டை, போதுமான அளவு உப்பாத மாவின் அடையாளம்.

பாலை எவ்வளவு சூடாக்குவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வேண்டிய வெப்பநிலையை மூன்றால் பெருக்குங்கள்: 26 × 3 = 78. அதிலிருந்து மாவின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலை, பிசையும்போது உராய்வில் ஏறும் சூடு மூன்றையும் கழியுங்கள். கையால் பிசைந்தால் உராய்வு 3 டிகிரி அளவில் இருக்கும். 78 − 19 − 19 − 3 = 37. பால் 37 டிகிரியில் இருக்க வேண்டும். ஸ்டாண்ட் மிக்ஸரில் பிசைந்தால் உராய்வே 10 டிகிரிக்கு மேல் ஏற்றும். அப்போது பால் 27, 28 டிகிரி இருந்தால் போதும். இந்தக் கணக்கில் முட்டையின் குளிர் சேரவில்லை. ஆகவே முட்டையை ஓடோடு வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் போட்டு எடுத்துவிடுங்கள்.

ஊசி வெப்பமானி ஒன்று இருந்தால் எல்லாக் குழப்பமும் தீரும். அது இல்லாவிட்டால், பிசைந்த மாவை மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். சரியான மாவு மிக லேசான குளிர்ச்சியாகத் தெரியும். ஜில்லென்று இருந்தால் குளிர்ந்த மாவு. கதகதப்பாகத் தெரிந்தால் 33 டிகிரியைத் தாண்டிவிட்டது. அப்போது வெண்ணெய் கசிந்து மாவு வழுக்கும்.

பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிடாதீர்கள். 55 டிகிரிக்கு மேல் ஈஸ்ட் சாக ஆரம்பிக்கும்.

மழைமேகம்:
தராசு சொன்னதோட உப்ப வைக்கிற இடத்தையும் சேர்த்துக்குங்க. மாவு 26 டிகிரியில இருந்தாலும் குளிர்ந்த கல் மேடை மேல பாத்திரத்தை வெச்சா அரை மணியில சூட்டை இழுத்துடும். அடியில மடிச்ச துண்டு போடுங்க. அணைச்ச ஓவனுக்குள்ள மாவுப் பாத்திரத்தையும், கீழ்த்தட்டுல ஒரு கிண்ணம் கொதிக்கிற தண்ணியையும் வெச்சு மூடினா 28 டிகிரி பக்கம் நிக்கும், ஈரமும் இருக்கும். 40 நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணிய மாத்துங்க. மைக்ரோவேவ் ஓவனும் இதுக்கு நல்ல இடம், சின்ன இடம்கிறதால சூடு நிக்கும். ஓவன் விளக்கை மட்டும் போட்டு வைக்கிறவங்க உள்ள ஒரு வெப்பமானி வெச்சுப் பாத்துக்கணும். சில ஓவன்ல விளக்கே 35 டிகிரிக்கு மேல கொண்டு போயிடும்.

ஈஸ்ட் அளவைக் கூட்டறது முதல் வழியா இருக்கக்கூடாது. 5 கிராமை 6 ஆக்கலாம், அதுக்கு மேல போனா ஈஸ்ட் வாசம் தூக்கலா நிக்கும். சர்க்கரையையும் கூட்டாதீங்க. மாவுல 10 சதவீதத்தைத் தாண்டின சர்க்கரை ஈஸ்டோட வேகத்தைக் குறைக்கும், உங்க அளவே கிட்டத்தட்ட 12 சதவீதம் வருது.

அடுப்பங்கரை:
உப்பும் ஈஸ்டும் தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். உலர்ந்த மாவில் இரண்டையும் போட்டு உடனே கலந்தால் ஒன்றும் ஆகாது. ஈஸ்டைக் கரைத்த தண்ணீரிலேயே உப்பையும் கொட்டி ஊற வைப்பதுதான் கெடுதல்.

ஆக்டிவ் ட்ரை ஈஸ்ட் வைத்திருப்பவர்கள் 5 கிராமுக்குப் பதில் 6.5 கிராம் எடுத்து, 40 டிகிரிப் பாலில் கொஞ்சம் சர்க்கரையோடு 10 நிமிடம் விடுங்கள். மேலே நுரை கட்டவில்லை என்றால் அந்த ஈஸ்டை அங்கேயே விட்டுவிடுங்கள், மாவை வீணாக்க வேண்டாம். ஃப்ரெஷ் ஈஸ்ட் என்றால் இன்ஸ்டன்ட்டைப் போல மூன்று மடங்கு.

பொன்னிறம்:
குளிர் நாளில் பன் மறுநாளே வறண்டு போகும், அதுக்கும் சேர்த்து ஒரு வழி சொல்றேன். மாவுக்கூழ் முறை. டாங்ஜோங்னு சொல்வாங்க. மேலே கொடுத்த 300 கிராம் மைதாவிலிருந்து 20 கிராமை எடுத்து 100 கிராம் பாலில் கட்டியில்லாம கரைச்சு, சின்ன தீயில கிளறிக்கிட்டே இருக்கணும். ஒண்ணு ஐந்து, அந்த விகிதம் முக்கியம். முதல்ல ஒண்ணுமே ஆகாத மாதிரி பால் தண்ணியாவே சுத்தும். அப்புறம் பாத்திரத்து ஓரத்துல லேசா தடிக்கும். அடுத்த அரை நிமிஷத்துல விஸ்க் போன வழியெல்லாம் கோடு விழுந்து, அந்தக் கோடு மறையாம நிக்கும். அதுதான் 65 டிகிரி. அப்பவே இறக்கிடுங்க. இன்னும் விட்டா களி மாதிரி இறுகி, மாவுல கலக்கும்போது கட்டி கட்டியா நிக்கும். இறக்கினதும் மேல ஒட்டற மாதிரி ஒரு தாளை மூடுங்க, ஆடை கட்டாது.

இந்தச் சூட்டுல மாவுச்சத்து தண்ணியைப் பிடிச்சு வீங்கிடும். பேக் ஆனப்புறமும் அந்தத் தண்ணி உள்ளயே இருக்கிறதாலதான் மூணு நாள் மெத்துனு இருக்கு.

கூழ் 35 டிகிரிக்கு ஆறினதும்: மைதா 280, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5, சர்க்கரை 35, உப்பு 5, வெதுவெதுப்பான முட்டை 1 (ஓடு இல்லாம 50 கிராம்), பால் 80 கிராம். எல்லாத்தையும் கூழோட சேர்த்துக் கலந்து 20 நிமிஷம் அப்படியே மூடி வைங்க. பிசையாமலே க்ளூட்டன் (மாவுக்கு இழுவை தர்ற புரத வலை) பாதி உருவாகிடும். அப்புறம் 8 நிமிஷம் பிசைஞ்சு, 40 கிராம் மெத்தான வெண்ணெயை மூணு தடவையா சேர்த்து இன்னும் 8, 10 நிமிஷம். வெண்ணெயை முதல்லயே போட்டா மாவுத் துகளைச் சுத்திக் கொழுப்பு படிஞ்சு க்ளூட்டன் உருவாக நேரம் எடுக்கும்.

முடிஞ்சதாங்கிறதுக்கு: எலுமிச்சை அளவு மாவைப் பிய்ச்சு ரெண்டு கை விரலாலயும் மெதுவா விரிங்க. பின்னால இருக்கிற விரல் நிழலாத் தெரியற அளவுக்குக் கிழியாம விரிஞ்சா போதும்.

புதுக்கை:
நன்றி பொன்னிறம் அக்கா. கையால பிசையும்போது மேடை முழுக்க ஒட்டுமே, மாவு தூவலாமா? முட்டை இல்லாம செய்யறதுக்கும் அளவு சொல்லுங்க.

பொன்னிறம்:
தூவாதீங்க. தூவின ஒவ்வொரு கைப்பிடியும் பன்னை இறுக்கும். முதல் 5 நிமிஷம் ஒட்டத்தான் செய்யும். மாவை விளிம்புல பிடிச்சுத் தூக்கி, மேடையில அடிச்சு, முன்னால மடிச்சுப் போடுங்க. திரும்பத் திரும்ப அதையே செய்ங்க. ஒட்டினதைச் சுரண்டுற தகடால சேர்த்துக்குங்க. வெண்ணெய் முழுசா உள்ள போனதும் தானா மேடையை விட்டு எழும்பும். 10 நிமிஷத்துக்கு அப்புறமும் கூழா ஓடினா மட்டும் ஒரு டேபிள்ஸ்பூன் மைதா சேருங்க. மைதாவுக்கு மைதா தண்ணி குடிக்கிற அளவு மாறும், அதனால 80 கிராம் பால்ல 10 கிராமை நிறுத்தி வெச்சு, தேவைன்னா கடைசியா ஊத்தறது நல்லது.

முட்டை இல்லாம: 50 கிராம் முட்டைக்குப் பதில் 40 கிராம் பால், வெண்ணெய் 5 கிராம் கூட. முட்டையில முக்கால் பாகம் தண்ணிதான். நிறம் கொஞ்சம் வெளுப்பா இருக்கும், மென்மைல குறை இருக்காது.

மாவு இரட்டிப்பானதும் (நேரத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க, நேர்ச் சுவர் உள்ள டப்பாவில வெச்சு ரப்பர் பேண்டால அளவைக் குறிச்சுக்குங்க) காத்தை லேசா அமுக்கி 9 பங்கா வெட்டுங்க. ஒவ்வொண்ணும் 65 கிராம் பக்கம் வரும், எடை போட்டே வெட்டுங்க. சின்னது பெருசா இருந்தா ஒண்ணு கருகும்போது இன்னொண்ணு வெந்திருக்காது. விளிம்புகளை அடியில இழுத்துச் சேர்த்து, உள்ளங்கையைக் கூடு மாதிரி குவிச்சு மேடையில சுழற்றினா மேல்தோல் இழுத்துப் பிடிச்ச மாதிரி வழவழன்னு வரும். 20 சென்டிமீட்டர் சதுர டின்ல மூணுக்கு மூணு வரிசை.

ரெண்டாவது தடவை உப்ப 45 நிமிஷத்துல இருந்து ஒரு மணி. விரலால லேசா அழுத்திப் பாருங்க. குழி உடனே மேல வந்தா இன்னும் நேரம் வேணும். மெதுவா பாதி வரை வந்து நின்னா ஓவனுக்குப் போகலாம். வரவே இல்லைன்னா தாண்டிப் போச்சு, உடனே உள்ள வைங்க. மேல பால் தடவி 180 டிகிரியில 22லிருந்து 25 நிமிஷம். நடுப் பன்னோட உள்சூடு 91, 92 டிகிரி. வெளிய எடுத்ததும் வெண்ணெய் தடவினா மேல்தோல் மெத்துனு ஆகும்.

மழைமேகம்:
நேரமில்லாதவங்க முதல் தடவை உப்பறதை ராத்திரி ஃப்ரிட்ஜ்ல விட்டுடலாம். 8லிருந்து 12 மணி நேரம். சுவையும் கூடும்.

தராசு:
இதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. வெண்ணெய் குறைவான சாதாரண ரொட்டிக்கு ஃப்ரிட்ஜ் மிகப் பொருத்தம். வெண்ணெயும் முட்டையும் உள்ள பன் மாவை, அதுவும் 18 டிகிரி சமையலறையில், காலையில் வெளியே எடுத்தால் கல்லாக இருக்கும். உருட்டிய பிறகு உப்பவே இரண்டு மணி நேரம் ஆகும். மிச்சமான நேரம் அங்கே போய்விடும். ஃப்ரிட்ஜில் வைக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் 30, 40 நிமிடம் வெளியே வைத்து ஈஸ்ட் வேலையைத் தொடங்கியது தெரிந்த பிறகு வையுங்கள். பிசைந்த கையோடு குளிரில் தள்ளினால் காலையில் மாவு அப்படியே இருக்கும்.

மழைமேகம்:
அந்த 30, 40 நிமிஷம் சரிதான், அதை நான் சொல்லாம விட்டுட்டேன். ஆனா குளிர்ந்த வெண்ணெய் மாவை உருட்டறது சுலபம், ஒட்டாது. காலையில எடுத்த உடனே உருட்டி டின்ல அடுக்கிட்டு, வெந்நீர்க் கிண்ணத்தோட ஓவன்ல வெச்சா ஒண்ணரை மணியில தயாராகுது. மதியச் சாப்பாட்டுக்குப் பன் வேணும்னா இதுதான் வசதி.

அடுப்பங்கரை:
இனி வெண்ணெய் கேக். திரிவதற்கான காரணம் தெரிந்தால் தடுப்பது எளிது. வெண்ணெய் கொழுப்பு, முட்டையில் பெரும்பாகம் தண்ணீர். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுண்துளியாகக் கலந்து நிற்க வேண்டும். குளிர்ந்த முட்டை பட்டதும் வெண்ணெய் இறுகிச் சிறு சிறு குருணைகளாகப் பிரிகிறது, தண்ணீர் தனியே நிற்கிறது. கிண்ணத்தில் அது அப்படியே தெரியும்: வெண்மையாகப் பளபளத்த கலவை திடீரென்று மங்கி, ரவை போலத் துகள் துகளாகி, ஓரத்தில் நீர் ஊறும்.

அளவு: உப்பில்லாத வெண்ணெய் 180 கிராம், பொடித்த சர்க்கரை 180, மைதா 180, முட்டை 3, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பால் 2 டேபிள்ஸ்பூன், வனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன். 18 சென்டிமீட்டர் வட்ட டின், பட்டர் பேப்பர் போட்டது.

வெண்ணெய் 19, 20 டிகிரியில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரல் அமிழ்ந்து போகக்கூடாது, மேலே எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக்கூடாது. குளிர் நாளில் துண்டு துண்டாக வெட்டிப் பரப்பினால் சீக்கிரம் பதத்துக்கு வரும். மைக்ரோவேவில் வைத்துப் பாதி உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. உருகிவிட்டால் மறுபடி இறுக வைத்தாலும் பழைய பதம் வராது, அதை வேறு எதற்காவது வைத்துக்கொண்டு புது வெண்ணெய் எடுங்கள்.

சர்க்கரையோடு நடுத்தர வேகத்தில் 5 நிமிடம் அடியுங்கள். நிறம் மஞ்சளிலிருந்து தந்த வெண்மைக்கு மாறி, விரலுக்கு இலேசாக இருக்க வேண்டும். கேக்கின் உப்பலில் பெரும்பங்கு இங்கே உருவாகும் காற்றுக் குமிழிகள்தான், பேக்கிங் பவுடர் அவற்றைப் பெரிதாக்கும், அவ்வளவே. பிறகு வெதுவெதுப்பான முட்டையை நன்றாகக் கலக்கி, ஐந்தாறு தடவையாக, ஒவ்வொரு முறையும் முழுதாகச் சேர்ந்த பிறகே அடுத்ததை ஊற்றுங்கள்.

திரிய ஆரம்பித்தால்: அடுத்த முட்டையை ஊற்றாமல் நிறுத்துங்கள். கிண்ணத்தின் அடியை 40 டிகிரித் தண்ணீரில் 10, 15 நொடி வைத்து எடுத்து அடியுங்கள். மறுபடி வழவழப்பாகும். கடைசி முட்டையில் திரிந்தால் அளந்து வைத்த மைதாவிலிருந்து ஒரு டேபிள்ஸ்பூன் சேர்த்தாலே பிடித்துக்கொள்ளும். அப்படியே விட்டுப் பேக் செய்தாலும் கேக் வரும், ஆனால் துளைகள் பெரிதாக, கொஞ்சம் முரடாக இருக்கும்.

மைதாவைச் சலித்து இரண்டு தடவையாக ஸ்பாட்டுலாவால் மடித்துக் கலக்குங்கள், வெள்ளைத் தடம் மறைந்ததும் நிறுத்துங்கள். 170 டிகிரி, 40 முதல் 45 நிமிடம்.

கரண்டி:
நடுவுல மலை மாதிரி எழும்பி வெடிக்குதே, அது எதனால? சின்ன ஓடிஜி ஓவன்.

அடுப்பங்கரை:
ஓரம் சீக்கிரம் வெந்து இறுகிவிடுகிறது, நடுவில் மாவு இன்னும் கூழாக இருக்கிறது. போக வழி அது ஒன்றுதான், மேலே பிளந்துகொண்டு வரும். சூட்டை 160க்குக் குறைத்து 10 நிமிடம் கூட்டுங்கள். பருத்தித் துணிப் பட்டையை நனைத்துப் பிழிந்து, அலுமினிய ஃபாயிலில் சுற்றி, டின்னின் வெளிச்சுவரில் கட்டுங்கள். ஓரம் மெதுவாக வேகும், மேற்பரப்பு சமமாக வரும். துணி ஹீட்டர் கம்பியைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு டின் என்றால் அதற்காகவும் 10 டிகிரி குறையுங்கள்.

தராசு:
ஓவனின் திருகில் 170 என்று இருப்பது உள்ளே 170 என்று பொருளல்ல. சிறிய ஓவன்களில் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். உள்ளே தொங்கவிடும் வெப்பமானி வாங்கி, 20 நிமிடம் சூடேற்றி, ஓவன் சூடேறுவதைக் காட்டும் வெளி விளக்கு இரண்டு மூன்று முறை அணைந்து எரிந்த பிறகு பாருங்கள். முதல் முறை விளக்கு அணைவதை நம்பி உள்ளே வைத்தால் காற்று மட்டும்தான் சூடாகியிருக்கும், சுவர்கள் ஆகியிருக்காது. எந்த மூலை அதிகச் சூடு என்று அறிய, தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளைப் பரப்பி 180 டிகிரியில் 8 நிமிடம் வையுங்கள். எது முதலில் சிவக்கிறதோ அந்த மூலையில் கேக்கைப் பாதி நேரத்துக்குப் பிறகு திருப்ப வேண்டும்.

விசிறி ஓடும் ஓவனில் இந்த இழையில் சொன்ன எல்லா வெப்பநிலையிலும் 15, 20 டிகிரி கழித்துக்கொள்ளுங்கள்.

கப்பில் அளப்பவர்களுக்கு: ஒரே கப்பில் மைதாவைத் தளர்வாகப் போட்டால் 120 கிராம், பையில் விட்டு அள்ளினால் 150 கிராம். பன்னில் இந்த வித்தியாசம் மென்மைக்கும் இறுக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். தயவுசெய்து தராசு வாங்குங்கள்.

பொன்னிறம்:
முட்டை சேர்க்காதவங்களுக்கு வெண்ணெய் கேக் செய்முறையில முட்டையை மட்டும் எடுத்துட்டு தயிர் ஊத்தினா வராது. அதுக்கு எண்ணெய் கேக்தான் சரி. தயிர் 240 கிராம் (புளிக்காதது, அறை வெப்பநிலையில), சர்க்கரை 150, இரண்டும் கரையக் கலக்கி, அரை டீஸ்பூன் சோடா, ஒண்ணேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போட்டு 4 நிமிஷம் விடுங்க. நுரைச்சு மேல எழும்பும். வாசனையில்லாத எண்ணெய் 110 மில்லி, வனிலா, அப்புறம் சலிச்ச மைதா 190 கிராம். 20 சென்டிமீட்டர் டின், 175 டிகிரி, 35, 40 நிமிஷம். சோடா போட்டாச்சுன்னா மாவு காத்திருக்கக்கூடாது. ஓவன் சூடான பிறகே சோடாவைத் தொடுங்க. அரை டீஸ்பூனுக்கு மேல போனா சோப்பு வாடை வரும், உள்ளே பழுப்படிக்கும்.

கரண்டி:
சாப்பாட்டுக்கு அப்புறம் சூடா கிண்ணத்துல போட்டுக் கொடுக்க ஆப்பிள் கிரம்பிள் யாராவது எழுதுங்களேன். மேல்மாவு எப்பவும் பழத்துக்குள்ள முழுகிப் போகுது.

மழைமேகம்:
முழுகறதுக்கு ரெண்டு காரணம். வெண்ணெய் உருகின நிலையில கலந்தது, இல்லைன்னா பழத்துல தண்ணி அதிகம்.

ஆப்பிள் 750 கிராம், ரெண்டு சென்டிமீட்டர் துண்டு. சர்க்கரை 60, எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், பட்டைப் பொடி 1 டீஸ்பூன், சோளமாவு 1 டேபிள்ஸ்பூன் கலந்து பாத்திரத்துல பரப்புங்க. மேல்மாவுக்கு மைதா 150, சர்க்கரை 80, ஓட்ஸ் 50, ஒரு சிட்டிகை உப்பு, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த வெண்ணெய் 100 கிராம் சின்ன துண்டா. விரல் நுனியால மட்டும் தேய்ச்சு உதிருங்க, உள்ளங்கை படக்கூடாது. கொஞ்சம் பட்டாணி அளவு, கொஞ்சம் மணல் மாதிரி, அந்தக் கலப்பு வேணும். அப்புறம் 15 நிமிஷம் ஃப்ரீசர்ல வெச்சுட்டு, அழுத்தாம மேல தூவுங்க. குளிர்ந்த வெண்ணெய் உருகறதுக்குள்ள மைதா விறைச்சு நின்னுடும், அதனால முழுகாது.

190 டிகிரி, 40லிருந்து 45 நிமிஷம். மேல பொன்னிறமானதை மட்டும் பாத்து எடுத்துடாதீங்க. பாத்திரத்தோட ஓரத்துல பழச்சாறு கெட்டியா, மெதுவா, பெரிய குமிழா வெடிக்கணும். தண்ணியா சின்னச் சின்னக் குமிழ் வந்தா சோளமாவு இன்னும் வேகலை, அது கொதி நிலைக்குப் பக்கத்துல போனாத்தான் இறுகும். மேல கருக ஆரம்பிச்சா ஃபாயிலைத் தளர்வா போட்டுத் தொடருங்க. எடுத்து 15 நிமிஷம் ஆறினப்புறம் பரிமாறுங்க, சாறு அப்பத்தான் பிடிச்சு நிக்கும்.

அடுப்பங்கரை:
பன்னோடு சேர்த்து ராச்சாப்பாடாக வைக்க உருளைக்கிழங்கு கிராட்டன். உருளைக்கிழங்கு 1 கிலோ, 3 மில்லிமீட்டர் வில்லைகள். வெட்டிய பிறகு கழுவாதீர்கள், அந்த மாவுச்சத்துதான் குழம்பைக் கெட்டியாக்கும். கிரீம் 300 மில்லி, முழுக்கொழுப்புப் பால் 200, நசுக்கிய பூண்டு 2 பல், உப்பு ஒன்றரை டீஸ்பூன், மிளகு. வில்லைகளை இந்தக் கலவையில் போட்டுச் சிறு தீயில் 8 நிமிடம் கொதி வராமல் சூடாக்கி, பிறகு பேக்கிங் பாத்திரத்தில் அடுக்குங்கள். நேராகக் குளிர்ந்த கிரீமை ஊற்றி வைப்பவர்களுக்குத்தான் மேலே கருகி நடுவில் நறுக்கென்று நிற்கிறது. ஃபாயில் மூடி 170 டிகிரியில் 40 நிமிடம், திறந்து மேலே 60 கிராம் சீஸ் தூவி இன்னும் 25 நிமிடம். கத்தி முனை தடையில்லாமல் இறங்க வேண்டும்.

கிரீம் இல்லாமல் பால் மட்டும் ஊற்றினால் திரிந்து துகள் துகளாகும். கொழுப்பு குறைந்த பாலின் புரதம் நீண்ட சூட்டைத் தாங்காது. கிரீமே வேண்டாம் என்பவர்கள் 25 கிராம் வெண்ணெயில் 25 கிராம் மைதாவை வறுத்து, 500 மில்லி பால் ஊற்றிக் காய்ச்சிய வெள்ளை சாஸ் ஊற்றலாம், அது திரியாது.

புதுக்கை:
பால் 37 டிகிரி, முட்டையை வெந்நீர்ல போட்டு எடுத்தேன், கூழ் முறையிலயே செஞ்சேன். மாவு 25 டிகிரி, முதல் தடவை 70 நிமிஷத்துல இரட்டிப்பாச்சு. அடியில பட்டை இல்லை. ஆனா ஆறினதும் மேல்தோல் சுருங்கிப் போச்சு. மிச்சத்தை எப்படி எடுத்து வைக்கணும்?

தராசு:
சுருக்கத்துக்கு மூன்று காரணங்கள்தான். இரண்டாவது உப்பல் அதிகமாகிவிட்டது, அல்லது நடு இன்னும் 2, 3 நிமிடம் வேக வேண்டும், அல்லது சூடாக இருக்கும்போதே டின்னிலோ துணியாலோ மூடிவைத்தீர்கள். ஓவனிலிருந்து எடுத்ததும் டின்னை ஒரு சாண் உயரத்திலிருந்து மடித்த துண்டின் மேல் ஒரு தடவை தட்டென்று வையுங்கள், உள்ளே அடைபட்ட ஆவி வெளியேறும். 5 நிமிடத்துக்குள் டின்னிலிருந்து கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். அடுத்த முறை இரண்டாவது உப்பலில் 10 நிமிடம் முன்னதாகவே விரல் வைத்துப் பாருங்கள்.

பொன்னிறம்:
மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க. அந்தக் குளிர்லதான் ரொட்டியோட மாவுச்சத்து வேகமா இறுகும், வெளிய வெச்சதை விடச் சீக்கிரம் வறண்டு போகும். ரெண்டு நாளுக்குள்ள முடியும்னா முழுசா ஆறினதும் காத்துப் புகாத டப்பாவில வெளியவே வைங்க. அதுக்கு மேலன்னா தனித்தனியா சுத்தி ஃப்ரீசர்ல. எடுத்ததும் உருக விடாம, லேசா தண்ணி தெளிச்சு ஃபாயில்ல சுத்தி 160 டிகிரியில 10, 12 நிமிஷம். இறுகின மாவுச்சத்து 60 டிகிரியைத் தாண்டினதும் திரும்ப இளகிடும். சூடு போறதுக்குள்ள சாப்பிட்டுடணும், ரெண்டாவது தடவை சூடாக்கினா அவ்வளவு நல்லா வராது.